பெத்லகேமில் ஒரு கிடை

எருசலேமிலிருந்து பெத்லகேமுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இராது. நடுவில் இஸ்ரேல் எழுப்பிய உயரமான கான்கிரீட் சுவரும் சோதனைச் சாவடியும் இருப்பதால்தான் பயணம் நீள்கிறது. 2018 நவம்பரில் எங்கள் பங்கிலிருந்து முப்பத்தாறு பேர் புனிதப் பயணம் போயிருந்தோம். என்னோடு அம்மா. வயது அறுபத்தெட்டு, முட்டுவலி. பாஸ்போர்ட் எடுத்ததே இந்தப் பயணத்துக்குத்தான். வீட்டில் வெள்ளாடு வளர்த்து, குட்டி விற்ற காசில் என்னைப் படிக்கவைத்தவள். அதை ஏன் சொல்கிறேன் என்றால், பெத்லகேமில் அன்று எனக்கு வழிகாட்டியாக வந்தது உண்மையில் அவள்தான். பஸ்ஸில் மைக் பிடித்துப் பேசியவர் அல்ல.

முதலில் பிறப்புப் பேராலயம். அதன் வாசல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்தான். பழைய பெரிய வாசலின் வளைவு சுவரில் இன்னும் தெரிகிறது. அதைக் கல்வைத்து அடைத்து இவ்வளவு சிறிதாக்கியிருக்கிறார்கள். குதிரையும் வண்டியும் உள்ளே புகாமல் தடுக்கச் செய்த ஏற்பாடு, பிறகு ‘தாழ்மை வாசல்’ என்று பக்திப் பெயர் பெற்றுவிட்டது. நான் குனிந்தது போதவில்லை. நெற்றியில் ‘ணங்’கென்று இடித்துக்கொண்டேன். அம்மா ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி லேசாக நுழைந்துவிட்டாள். “நம்ம ஆட்டுக் கொட்டடி வாசல் மாதிரி இருக்குய்யா” என்றாள்.

உள்ளே பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, சாரம் கட்டியிருந்தார்கள். நாற்பத்து நான்கு தூண்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் வரிசை. ஆறாம் நூற்றாண்டில் எழுப்பிய கட்டடம், 2012 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இதையெல்லாம் நான் அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல, அவள் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் குகைக்குள் இறங்கினோம். பளிங்குத் தரையில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். குனிந்து முத்தமிட ஆளுக்குச் சில நொடிதான். பின்னால் இருப்பவர்களின் மூச்சு கழுத்தில் படுகிறது. எழுந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “தொட்டி எங்க?”

குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டியின் இடம் எதிரே சில படிகள் கீழே இருந்தது. ஆனால் பார்க்கக் கிடைப்பது பளிங்கு, விளக்கு, பீடம். “இதுதாம்மா, மேலே பளிங்கு போட்டுட்டாங்க” என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கு முன்பே அதே இடத்தில் உதட்டைப் பிதுக்கிய ஒருவர் உண்டு. புனித ஜெரோம். கி.பி. 386 முதல் சாகும்வரை பெத்லகேமில் வாழ்ந்து, விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்தவர்; இந்தக் குகைக்குப் பக்கத்துக் குகை அவர் பெயரில்தான் இருக்கிறது. மண் தொட்டியை எடுத்துவிட்டு வெள்ளித் தொட்டி வைத்துவிட்டார்கள், எனக்கோ எடுத்துப்போட்ட அந்த மண்தான் பெரிது என்று ஒரு மறையுரையில் வருத்தப்பட்டிருக்கிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன்பே இந்தக் கதை.

மதியத்துக்கு மேல் பெய்த் சாஹூர். பெத்லகேமை ஒட்டிக் கிழக்கே இறங்கும் சிற்றூர். அரபு பேசும் கிறிஸ்தவர்கள் அதிகம், கடைகளில் ஒலிவ மரத்தில் செதுக்கிய குடில் பொம்மைகள். இயேசு பிறந்த செய்தியை வானதூதர் இடையர்களுக்குச் சொன்ன ‘இடையர் வயல்’ என்று இங்கே கத்தோலிக்கருக்கு ஓரிடம், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஓரிடம், ஒய்.எம்.சி.ஏ. வளாகத்தில் ஓரிடம் என்று மூன்று உண்டு. எது உண்மையான இடம் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். உள்ளூர்க்காரரான வழிகாட்டி சிரித்தார். “ஆடு ஒரே இடத்தில் நிற்குமா?” என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

நாங்கள் போனது பிரான்சிஸ்கன் துறவிகள் பராமரிக்கும் இடம். 1950களின் தொடக்கத்தில் இங்கே தோண்டியபோது பழைய துறவுமடத்தின் அடித்தளம் கிடைத்தது. அதையடுத்து, கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூத்சி ஒரு சிற்றாலயம் கட்டினார். ஒலிவ மலையில் ஆண்டவர் அழுத இடத்தில் கண்ணீர்த்துளி வடிவில் ஆலயம் கட்டியவரும் அவரேதான். இங்கே நாடோடிகளின் கூடாரம்போலச் சாய்ந்த சுவர்களை எழுப்பி, மேலே குவிமாடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துளைகள் வைத்திருக்கிறார். உள்ளே நிற்பவர் தலையில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுகிறது. சுவரில் மூன்று ஓவியங்கள்: வானதூதர் அறிவிப்பது, இடையர்கள் குழந்தையை வணங்குவது, மகிழ்ச்சியாகத் திரும்பிப் போவது. நவம்பர் மாதத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம். எங்களுக்கு முன்னால் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் கூச்சமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்ததால் நாங்களும் எடுத்துவிட்டோம். அந்தக் குவிமாடம் நாலு பேர் குரலை நாற்பது பேர் குரலாக்கித் தருகிறது.

திருப்பலிக்கு ஒரு குகையை ஒதுக்கித் தந்தார்கள். தாழ்ந்த கூரை, கரிபிடித்த பாறை. சாமியார் லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். வயல்வெளியில் தங்கி இடையர்கள் இரவெல்லாம் தங்கள் கிடையைக் காவல்காத்துக்கொண்டிருந்தார்கள் என்று வருமே, அந்த இடத்தில் அம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். ‘கிடை’ என்ற சொல் அவளுக்கு வேதாகமச் சொல் இல்லை, ஊர்ச்சொல். எங்கள் சிவகங்கைச் சீமையில் அறுப்பு முடிந்த வயலில் கீதாரிகள் செம்மறி மந்தையைக் கொண்டுவந்து ராத்திரி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், கிடைக்காரருக்கு நெல்லோ காசோ கூலி. ‘ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம்’ என்பார் தாத்தா. எங்கள் வயலில் கிடை கிடக்கும் நாட்களில் கஞ்சி கொண்டுபோகும் வேலை சின்ன வயதில் அம்மாவுடையதாம்.

மறையுரையில் சாமியார், இடையர்கள் அந்தக் காலத்தில் சமூகத்தில் ஒதுக்கப்பட்டவர்கள், நீதிமன்றத்தில் அவர்கள் சாட்சி செல்லாது என்றார். கிறிஸ்துமஸ் தோறும் கேட்கும் விளக்கம்தான். எனக்கு இதில் சின்னத் தயக்கம் உண்டு. இடையரின் சாட்சியை ஏற்கக்கூடாது என்பது யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதில் வருகிறது. அது தொகுக்கப்பட்டது பல நூற்றாண்டு கழித்து. விவிலியத்திலோ ஆபிரகாமுக்கும் மந்தை, மோசேக்கும் மந்தை, ‘ஆண்டவரே என் ஆயர்’ என்று திருப்பாடலே இருக்கிறது. தாவீது இதே பெத்லகேமில் ஆடு மேய்த்த பையன். அரசனைத் தேர்ந்தெடுக்க சாமுவேல் வந்தபோது, அப்பா ஈசாய் ஏழு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார். எட்டாவது பிள்ளை ஆட்டோடு இருக்கிறான் என்பது கேட்ட பிறகுதான் வாயில் வருகிறது. இடையர்களை யாரும் வெறுத்திருக்க வேண்டியதில்லை. நினைப்பு வராமல் இருந்திருந்தாலே போதும்.

திருப்பலி முடிந்து வெளியே வந்து நின்றபோது வழிகாட்டி தென்கிழக்கே கைகாட்டினார். உச்சியைச் சீவிவிட்ட கூம்புபோல ஒரு குன்று. ஏரோதியம். ஏரோது அரசன் தன் பெயரிலேயே கட்டிக்கொண்ட அரண்மனைக் கோட்டை. பாலைவன ஓரத்தில் வெகுதூரத்திலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து பெரிய நீச்சல்குளமே வைத்திருந்தான். அவன் கல்லறையை அந்தக் குன்றுச் சரிவிலேயே கண்டுபிடித்துவிட்டதாக 2007-இல் தொல்லியலாளர் எகூத் நெட்சர் அறிவித்தார். இடையர் வயலிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்கெதிரே நிற்கிறது, நாலைந்து கிலோமீட்டர் இருக்கலாம். படத்தில் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று நினைத்ததில்லை. கிடைக் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தினமும் ராத்திரி அந்தக் கோட்டை விளக்கு தெரிந்திருக்கும். வானதூதர் பாடியது அங்கே கேட்கவில்லை. காவல்காரர்கள் அங்கேயும் விழித்துத்தானே இருந்திருப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. இருந்திருப்பார்கள். ஆனால் அரசன் தூங்குவதற்காக விழித்திருந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கீழ்த்திசை ஞானிகள் வந்து கேட்டதும், மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது விசாரிக்கிறான். தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் மீக்கா இறைவாக்கை எடுத்துக்காட்டி ‘யூதேயாவிலுள்ள பெத்லகேம்’ என்கிறார்கள். சரியான பதில். ஆனால் அவர்களில் ஒருவராவது செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பத்து கிலோமீட்டர் நடந்து போனதாக மத்தேயு எழுதவில்லை. இடையர்களிடம் ஊர்ப்பெயர் போல ஒன்றும், ஓர் அடையாளமும்தான் இருந்தன: தாவீதின் ஊர்; துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்திய குழந்தை. தெருப்பெயர் இல்லை, வீட்டுக்காரர் பெயர் இல்லை.

யோசித்துப் பார்த்தால், வேறு யாரிடம் அந்த அடையாளத்தைச் சொல்லியிருக்க முடியும்? ஒரு குருவிடமோ அதிகாரியிடமோ தீவனத் தொட்டி என்றால், ஊரில் எந்தெந்த வீட்டில் தொட்டி உண்டென்று அவர் யாரையாவது விசாரிக்கத்தான் வேண்டும். இடையனுக்கு விசாரிக்கத் தேவையில்லை. எந்த வீட்டுக்குப் பின்னால் குகை, எந்தக் குகையில் கல்தொட்டி, எங்கே இருட்டில் தடவிக்கொண்டே போகலாம் என்பது அவன் காலுக்கே தெரியும். கால் கழுவாமல், புழுக்கை ஒட்டிய உடையோடு, நடுராத்திரியில் கதவைத் தட்டாமல் நுழையக்கூடிய ஒரே இடத்தில் குழந்தையைக் கிடத்தி, அதையே அடையாளமாகவும் சொல்லி அனுப்பியிருக்கிறார் கடவுள். குழந்தை அரண்மனைத் தொட்டிலில் கிடந்திருந்தால் செய்தி கிடைத்தும் அவர்களால் வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

இதை அம்மாவிடம் சொல்லலாமென்று திரும்பினால் அவளைக் காணவில்லை. தேடிப்போனால், காலியான குகைக்குள் திரும்பவும் நுழைந்து பாறை மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கூரையைக் காட்டினாள்.

“இது மெய்யாவே ஆடு கட்டுன எடந்தான். பொகையப் பாரு. குட்டிக்குக் குளுருமுன்னு தீ மூட்டிருப்பாக.”

பாறையைக் கையால் தடவிக்கொண்டே, இதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். “நீ பொறந்தது மார்கழி ராத்திரி. ஒங்கப்பா மதுரையில. மருத்துவச்சியக் கூட்டியாரப் போன ஒங்க மாமா ஆத்தைத் தாண்ட முடியாம அக்கரையில நின்னுட்டாக. அன்னைக்கு நம்ம வீட்டுக்கு மொத ஆளா வந்தது யாருன்னு தெரியுமா? கெடைக்காரர் பொஞ்சாதி. ஊரே ஒறங்குது. இந்நேரத்துல இந்த வீட்டுல மட்டும் வெளக்கு எரியுதேன்னு வயக்காட்டுல இருந்து பாத்துட்டு வந்துருக்கா. தொப்புக்கொடி அறுத்தது அவதான்.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன. விடிஞ்சா ஆட்ட அவுக்கணுமேன்னு போயிட்டா. மறு வாரம் கெடையும் வேற ஊருக்குப் போயிருச்சு.”

அவள் பெயர் என்னவென்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. லூக்காவும் அந்த இடையர்களின் பெயரை எழுதவில்லை. எத்தனை பேர் என்றுகூட இல்லை. போனார்கள், கண்டார்கள், ஊராருக்குச் சொன்னார்கள், கடவுளைப் போற்றிப் புகழ்ந்துகொண்டே திரும்பினார்கள். அவ்வளவுதான். சிற்றாலயத்தின் மூன்றாவது ஓவியத்துக்குப் பிறகு நற்செய்தியில் அவர்கள் எங்கேயும் வருவதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பஸ் கிளம்பியது. கடைகளைத் தாண்டியதும் நின்றுவிட்டது. ஒரு பையன் செம்மறிகளை ரோட்டின் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தான். முகம் பழுப்பு, உடம்பு அழுக்கு வெள்ளை, பின்னால் கொழுப்பு தொங்கும் பட்டை வால். அந்தப் பக்கத்து ஆடுகள் அப்படித்தான். பஸ்ஸுக்குள் எல்லோரும் ஜன்னல் பக்கம் பாய்ந்து செல்போனைத் தூக்கினார்கள். பையன் போட்டோவுக்குப் பழகியவன்போல முகத்தைத் திருப்பாமல் நடந்தான்.

அம்மா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று வரை போய் நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினாள். அவன் திரும்பவில்லை. மோதிரத்தால் தட்டினாள். திரும்பினான். அம்மா கடைசியில் வந்த பெட்டையாட்டைக் காட்டினாள், பிறகு தன் வலது முன்கையைத் தூக்கிக் குளம்பு மாதிரி மடக்கிக் காட்டினாள். “முள்ளுய்யா, முள்ளு” என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தமிழில் சொன்னாள். அவன் ஒரு நொடி முழித்தான். பிறகு அந்த ஆட்டிடம் போய் ரோட்டிலேயே குந்தி, அதன் முன்னங்காலைத் தன் தொடைமேல் எடுத்துவைத்துக்கொண்டான். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.