பெரியம்மாவோடு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காலை

பெரியம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. "நடங்கன்னு சொல்லிட்டாரு டாக்டரு. எங்க நடக்கிறதுன்னு சொல்லலியே" என்பார். அதனால் போன ஞாயிறு நானே கிளம்பிவிட்டேன். 2019 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரை நீண்டதிலிருந்து கிண்டியில் ஏறினால் அங்கே போவது வெகு சுலபம்.

அவர் வீட்டிலிருந்து அறிஞர் அண்ணா பூங்கா எனக்குப் பத்து நிமிட நடை. பெரியம்மாவுக்கு அரை மணி ஆனது. தெருவில் நடைபாதை இருக்கிறது. ஆனால் நாலு எட்டு வைத்தால் ஒரு பைக், அப்புறம் ஒரு மின்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்கி ஏற வேண்டும். அந்த விளிம்பு முக்கால் அடி உயரம். ஒவ்வொரு முறையும் வலது கையை முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துத்தான் ஏறினார். நான் இதுவரை அந்த உயரத்தைக் கவனித்ததே இல்லை.

எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். பெருக்கிக்கொண்டிருந்த பையன் துடைப்பத்தை ஓரமாக வைத்து, "உக்காரு ஆயா, கடை தெறக்க நேரமாவும்" என்றான். வழியில் எங்களுக்குக் கிடைத்த ஒரே இருக்கை அதுதான். இருநூறு அடிக்கு ஒரு பெஞ்சு போட்டால் என்ன?

பூங்காவுக்குள் நுழைந்ததும் பெரியம்மா முகமே மாறிவிட்டது. பழைய ராபின்சன் பூங்கா இது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம். "எங்கப்பா நனைஞ்சுக்கினே நின்னாராம்" என்று சொல்லிக்கொண்டே நிழலில் இரண்டு சுற்று நடந்தார். சமதரை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முழங்காலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் எல்லோருக்கும் ஒரு பசுமைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு. நல்ல அளவுகோல். அந்த 300 மீட்டரைப் பெரியம்மா மாதிரி ஒருவரை நடக்கவிட்டு அளக்க வேண்டும் என்பது என் ஆசை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து மாடிப் பூங்கா போனோம். பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியும் வந்து மிரட்டிய பிறகு, கறுப்பர் நகரை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி ஆங்கிலேயர் எழுப்பிய மதிலின் மிச்சம் இது. அந்த மதில் செலவுக்கு வரி போட நினைத்ததில் வந்த பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. இன்று அதன் மேலேயே பூங்கா இருக்கிறது. எதிரிக்குப் பயந்து கட்டியதில் மக்கள் காற்று வாங்குவது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பெரியம்மா படிகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ போய்ட்டு வா கண்ணு, நான் இங்கியே இருக்கேன்."

மேலே நல்ல காற்று. எட்டிப் பார்த்தேன். கீழே ஆட்டோவில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். உடனே இறங்கி வந்துவிட்டேன்.