நகரம் எரிந்தபோது தலைவர்கள்

1992 ஏப்ரல் 29, லாஸ் ஏஞ்சலஸ். ராட்னி கிங் என்ற கறுப்பின மனிதரைப் போலீசார் அடித்ததை உலகமே வீடியோவில் பார்த்திருந்தது. ஆனாலும் அடித்த நான்கு போலீசாரில் ஒருவருக்கும் அன்று வந்த தீர்ப்பில் தண்டனை கிடைக்கவில்லை. நகரில் கலவரம் வெடித்தது.

அன்று மாலை போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் போனது ஒரு நிதி திரட்டும் கூட்டத்துக்கு. எதற்கு நிதி? போலீஸ் தலைவரின் பதவிக்காலத்துக்கு வரம்பு வைக்கும் சீர்திருத்தத்தைத் தோற்கடிக்க! அதே நேரம் கலவரம் மூண்ட ஃப்ளாரன்ஸ்–நார்மண்டி சாலைச் சந்திப்பிலிருந்து போலீஸ் பின்வாங்கியிருந்தது. கலவரக்காரர்கள் வண்டிகளிலிருந்து மனிதர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள், தடுக்க ஆளில்லை.

சரி, மேயர் என்ன செய்தார்? டாம் பிராட்லி அந்நகரின் முதல் கறுப்பின மேயர், முன்னாள் போலீஸ் அதிகாரியும்கூட. இந்த வலி அவருக்குப் புரியாததல்ல. ஆனால் அவரும் கேட்ஸும் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேசிக்கொள்வதே இல்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. போலீசின் அத்துமீறல்களையும் இனவெறியையும், அதை விசாரித்த கிறிஸ்டோபர் ஆணையம் 1991லேயே எழுதிக் கொடுத்திருந்தது. தீர்ப்பு வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அப்புறமும் ஒழுங்கான தயாரிப்பு இல்லை.

60 பேருக்கு மேல் செத்தார்கள். கொரியக் கடைக்காரர்கள் போலீஸ் வராததால் தாங்களே துப்பாக்கியோடு கூரையேறி நின்றார்கள்.

ஜூனில் அந்தச் சீர்திருத்தத்தை மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள். கேட்ஸும் அந்த மாதமே பதவியை விட்டுப் போனார்.