417ஆம் சொல்

அக்டோபர் 12

அப்பாவின் குறுந்தகடு திறந்துவிட்டது.

அக்டோபர் 13

திறந்தது என்று நேற்று எழுதியது பாதி உண்மைதான். கோப்பு திறக்கிறது, ஆனால் உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ, அவற்றின் முடிவில் ஓர் அரைப்புள்ளி. அதைக் கண்டதும் பாமினி என்று தெரிந்துகொண்டேன். 2003இல் பாளையங்கோட்டையில் அப்பா தட்டச்சுக்குக் கொடுத்த கடையில் அந்த எழுத்துருதான் இருந்திருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கிலம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும்.

அப்பா தொகுத்த வட்டாரச் சொற்கள், மொத்தம் 2,316. ஒவ்வொன்றுக்கும் எண், பொருள், எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்பு. வளவு, வெஞ்சனம், முடுக்கு, சாரம், கோட்டி என்று எங்கள் வீட்டில் நாளும் புழங்குகிற சொற்களுக்குக்கூட அப்பா ஊர் எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்து நோட்டு இருந்திருந்தால் இந்தக் குறுந்தகட்டை யாரும் தேடியிருக்க மாட்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நோட்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. உலர்த்தி எடுத்தபோது தாள் இருந்தது, மை இல்லை.

அக்டோபர் 14

ஆஸ்பத்திரியில் அப்பா இன்று ஒன்று முதல் பத்து வரை பிசகாமல் எண்ணினார். தண்ணீர் என்று சொல்ல வரவில்லை.

அக்டோபர் 15

பாமினியை இன்றைய பொதுக் குறிமுறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் நிரலின் முதல் வடிவம் ஓடியது. பைத்தான் நிரல்மொழியில் நாற்பது வரிதான். வார்டுக்கு வெளியே இருக்கும் நீள பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அங்கே ஒரே ஒரு மின்செருகு வாய் இருக்கிறது, அதற்கு ஆறு கைப்பேசிகள் காத்திருக்கின்றன. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரைதான் வேலை.

பழைய எழுத்துரு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது. 'நெ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ந. ஒருங்குறியோ காதில் விழும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் ந, அதன் பின்னே கொம்பு. ஆகவே ஒவ்வொரு கொம்பையும் பிடித்து அடுத்த மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும். பின்னால் கால் இருந்தால் கொம்பையும் காலையும் சேர்த்து ஒகரக் குறியாக்க வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. திருநெல்வேலி என்ற சொல் பன்னிரண்டு குறியீடுகளாக ஒழுங்காக வந்து நின்றபோது, ஆறு எழுத்துள்ள ஊர்ப்பெயருக்குப் பன்னிரண்டு இடம் தேவைப்படுவதைப் பத்தாவது தடவையாக எண்ணிப் பார்த்தேன்.

பிறகு 'வெள்ளம்' வந்தது, 'வௌ்ளம்' ஆக.

அக்டோபர் 16

காரணம் பிடிபட்டது. ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. ஒருங்குறியில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை, ஆங்கில எஸ். அப்படியானால் கொம்பு, வ, எஸ் என்ற மூன்றும் வரிசையாக வந்தால் அது 'வௌ' என்பதா, 'வெள' என்பதா? என் நிரல் எதையும் யோசிக்காமல் 'வௌ' என்று வைத்துவிட்டது. இணையத்தில் 'வௌியீடு' என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எழுதியவரின் கவனக்குறைவு என்று நினைத்து வந்தேன். அது எழுதியவரின் பிழை அன்று, இடையில் நின்ற ஒரு மாற்றியின் பிழை.

எஸ்ஸுக்குப் பின்னால் புள்ளியோ, விசிறியோ, வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது கண்டிப்பாக ள. ஒரே எழுத்தில் இரண்டு உயிர் ஏற முடியாது. இந்த ஒரு விதியை, எழுத்து வரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ரெஜெக்ஸில் சேர்த்ததும் வெள்ளம், வெளி, வெள்ளாடு, தெளிவு எல்லாம் சரியாகிவிட்டன. ஐயத்துக்கு உரியவையாக எஞ்சியவை 63.

அக்டோபர் 17

அம்பை அண்ணாச்சியும் தென்காசித் தம்பியும் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். நிரலும் கருவியும் செய்து பார்க்கும் எங்கள் சிறு கூட்டத்தில் அண்ணாச்சிதான் மூத்தவர். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். தம்பி தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றை மூன்று மாதமாகச் செய்துகொண்டிருக்கிறான். தொட்டியின் மூடிக்கு அடியில் வைத்த ஒலி உணரியில் ஈரம் கோத்து, ஆறு அடி ஆழத்தை இரண்டு அடி என்று சொல்கிறதாம்.

தம்பி சொன்னான்: "அக்கா, சொற்பட்டியல் ஒண்ணு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. ஔ வச்ச சொல் பட்டியல்ல இருந்தா ஔ, இல்லேன்னா ள." கௌரவம், மௌனம், வௌவால் போன்றவற்றுக்கு அது பொருந்தும். அப்பா தொகுத்தவையோ எந்தப் பட்டியலிலும் ஏறாத சொற்கள். ஏறாததால்தான் தொகுத்தார்.

அக்டோபர் 19

நம் பக்கத்துப் பேச்சே இந்தச் சிக்கலைப் பெருக்குகிறது. ழகரம் நம் நாவில் ளகரமாகிவிடும், முதலெழுத்தின் இகரம் எகரமாகிவிடும். கிழக்கே என்பது கெளக்கே, பனங்கிழங்கு பனங்கெளங்கு, விளக்கு வெளக்கு. அப்பா கேட்டதைக் கேட்டபடியே எழுதினார். ளவின் மேல் குறி ஏதும் ஏறாமல் எழுத்துத் தமிழில் அரிதாக வரும் 'ெ–ள' சேர்க்கை அவருடைய பட்டியலில் பக்கத்துக்குப் பக்கம் நிற்பது அதனால்தான்.

'கெளவி' என்று ஒரு பதிவு இருக்கிறது. கிழவி என்றால் கெளவி. நாய் கவ்வியது என்றால் கௌவி. பாமினியில் இரண்டுக்கும் ஒரே ஐந்து விசைகள். பொருள் எழுதியிருந்ததால் தப்பித்தேன். 63இல் 62ஐ இவ்வாறு பொருளைப் படித்துப் படித்தே பிரித்துவிட்டேன், நிரலால் அல்ல.

எஞ்சியது 417.

அக்டோபர் 20

அந்தச் சொல்லை இங்கே எழுத முடியவில்லை. எழுதினால் இரண்டில் ஒரு வடிவத்தை நான் தேர்ந்துகொண்டதாகிவிடும். ஆகவே 417 என்றே குறிக்கிறேன். பொருள்: "தண்ணீர் வடிந்த பின்னும் வயலின் தாழ்ந்த மூலையில் நின்றுபோகும் ஈரம்." ஊர்: கருங்குளம். வேறு குறிப்பு இல்லை. ஔவாக வாசித்தாலும் சொல்லாகத்தான் ஒலிக்கிறது, ளவாக வாசித்தாலும் சொல்லாகத்தான் ஒலிக்கிறது. அம்மாவிடம் இரண்டையும் சொல்லிக் காட்டினேன். "ரெண்டும் கேட்ட மாதிரிதான் இருக்கு, ஏட்டி. நீ முதல்ல சாப்பிடு" என்றாள்.

அக்டோபர் 21

பேச்சுப் பயிற்சி தருபவர் இன்று நிதானமாக விளக்கினார். இடது மூளையின் முன்பகுதியில் அடிபட்டால், கேட்பது புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும், வாய்க்கு வரும் வழிதான் அடைபடும் என்றார். 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டு சொன்ன இடம் அது. எண்களும் கிழமைகளும் பாட்டும் போல வரிசையாக மனத்தில் ஊறிப்போனவை பலருக்குத் தப்பி நிற்குமாம். தனிச் சொல்தான் வராதாம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு தனிச் சொல்.

அக்டோபர் 22

அ முதல் ஔ வரை சொன்னார். ஔ என்று சொல்லும்போது உதடு எப்படிக் குவிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. அவர் குணமாக வேண்டும் என்று பார்த்தேனா, 417க்காகப் பார்த்தேனா?

அக்டோபர் 24

ஒரு தடயம் கிடைத்தது, இரவெல்லாம் உறக்கமில்லை. அப்பா ஔகாரத்தை எழுதவே மாட்டார். பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தில் 1978இல் அரசு ஏற்றுக்கொண்டது ஒரு பகுதியை மட்டும்தான். ஐகாரத்தையும் ஔகாரத்தையும் கைவிடும் பகுதி ஏற்கப்படவில்லை. அப்பா அதையும் சேர்த்தே கைக்கொண்டவர். எனக்கு எழுதிய கடிதங்களில் மவுனம், பவுர்ணமி, அவ்வையார் என்றுதான் இருக்கும். அப்படியானால் அவருடைய பட்டியலில் ஐயத்துக்குரிய இடங்கள் எல்லாமே ளவாகத்தான் இருக்க வேண்டும். 417ம் ள.

அக்டோபர் 25

இல்லை. முன்னுரையில் 'கௌரவம்' இருக்கிறது, விளக்கங்களில் 'பௌர்ணமி' நான்கு இடத்தில் இருக்கிறது. தட்டச்சு செய்தவர் தமக்குப் பழகியபடி மாற்றியிருக்கிறார். அப்பா 417ஐ 'அவ்' போட்டு எழுதி, தட்டச்சு செய்தவர் ஔவாகத் திருத்தியிருக்கலாம். அப்பா ளவோடு எழுதியதை அவர் அப்படியே அடித்திருக்கவும் கூடும். கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள்.

அக்டோபர் 26

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். வளவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கைகூப்ப முயன்றார். வலது கை பாதியில் நின்றது. எதிர்வீட்டு ஆச்சி அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 28

ஸ்ரீவைகுண்டம் என்று தேடினால் ஒரு பதிவும் வரவில்லை. அந்த ஊரில் கேட்டதாக அப்பா எழுதியவை ஏராளம் என்பதால் ஒரு பாகமே தொலைந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். தொலையவில்லை. ஸ்ரீ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாக உண்டாக்கலாம். பழைய முறையில் அது ஸகரத்திலிருந்து பிறக்கும். 2005இல் ஶ என்ற எழுத்து ஒருங்குறியில் சேர்ந்த பிறகு அதிலிருந்தும் பிறக்கிறது. திரையில் இரண்டுக்கும் ஒரே முகம். என் கைப்பேசி ஒன்றை அடிக்கிறது, என் மாற்றி மற்றொன்றை எழுதியிருக்கிறது. ஒரே வரியில் சரிசெய்துவிட்டேன். 31 பதிவுகள் வந்தன.

ஒரே முகத்துக்குள் இரண்டு எழுத்து, மறுபடியும். ஆனால் இங்கே எதைத் தேர்ந்தாலும் சொல் ஒன்றே.

அக்டோபர் 31

தீபாவளி. அம்மா அதிரசம் மட்டும் சுட்டாள்.

நவம்பர் 2

மாலையில் பட்டியலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஐம்பது சொல் என்று கணக்கு. பொருளையும் ஊரையும் வாசிப்பதில்லை, சொல்லை மட்டும் பைய வாசிக்கிறேன். பனங்கெளங்கு என்றதும் இடது கையை உயர்த்தி, நீளவாட்டில் எதையோ இரண்டாகப் பிளந்து நடுவிலிருந்து ஒன்றை உருவி எறிந்தார். கிழங்கை உரித்து, பிளந்து, தும்பை எடுத்துப் போடும் அதே அசைவு. சொல் உள்ளே அப்படியே இருக்கிறது, அதன் கையோடும் காலோடும். நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

நவம்பர் 5

இன்று 417. இரண்டு அட்டைகளில் இரண்டு வடிவத்தையும் பெரிதாக எழுதியிருந்தேன். முதலில் ஔ வடிவத்தைச் சொல்லி அட்டையைக் காட்டினேன், தலையசைத்தார். ள வடிவத்தைச் சொல்லி மற்ற அட்டையைக் காட்டினேன், அதற்கும் தலையசைத்தார். பேச்சுப் பயிற்சி தருபவர் முன்பே எச்சரித்திருந்தார், ஆமாம் இல்லை என்பதே இப்போதைக்கு நம்பகமாக வராது என்று. இரண்டையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டைகளை இடது கையால் ஒதுக்கிவிட்டு, போர்வையின் மீது விரலால் ஏதோ இழுத்தார். எழுத்தா, வயல் வரப்பா, தெரியவில்லை. மறுபடியும் இழுக்கச் சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

நவம்பர் 6

அண்ணாச்சி தொலைபேசியில் சொன்னார்: "ரெண்டு வடிவத்தையும் போட்டு, நடுவுல ஒரு கோடு போட்டுட்டு மேல போ தாயி. 2,315 சொல்லு உசுரோட இருக்குல்லா." அவர் சொல்வது நியாயம். பட்டியல் வெளியே வர இந்த ஒன்று தடையாக நிற்கக் கூடாது. ஆனாலும் இரண்டு வடிவம் போட்டால், இல்லாத ஒரு சொல்லை நான் உண்டாக்கி அப்பாவின் பெயரில் வைத்ததாகிவிடும். பின்னால் யாரேனும் அதை எடுத்துத் தம் அகராதியில் சேர்ப்பார்கள். அதை நினைத்தால் கை ஓடவில்லை.

நவம்பர் 7

கருங்குளத்தில் இப்போதும் வயல் இருக்கிறது. தாழ்ந்த மூலையும் இருக்கும்.

நவம்பர் 8

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை திருச்செந்தூர் பேருந்தில் போய், வயலில் நிற்கிற வயதானவர் யாரிடமாவது கேட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்புவதாக ஏற்பாடு. சொல்லை நான் சொல்லிக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். சொன்னால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். ஈரத்தைக் காட்டி, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவுக்கு இடம் ஒழித்து வைத்தேன்.

அப்பாவிடம் கருங்குளம் போகிறேன் என்றேன். அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். குடை.

நவம்பர் 9

செய்துங்கநல்லூர் தாண்டியாகிவிட்டது, நல்ல மழை. நடத்துநர் டிக்கெட் கொடுக்கும்போது, கருங்குளத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.