எதோடு ஒப்பிடுவது?

நியூ ஜெர்சியில் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் புள்ளிவிவர அறிக்கைகள் தயாரித்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், மதிய உணவு வேளையில் அடிக்கடி மூண்ட விவாதம் இனமும் குற்றமும் பற்றியது. எங்கள் குழுவில் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்று வந்த வெள்ளையர் ஒருவரும், நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரும் இருந்தார்கள். ஒருவர் எடுத்து வைக்கும் எண்ணை மற்றவர் பொய் என்று சொன்னதே இல்லை. அந்த எண் எந்தக் கேள்விக்கான விடை என்பதில்தான் தகராறு.

அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடாக உள்ள கறுப்பினத்தவர், எஃப்.பி.ஐ.யின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் கொலைக்காகக் கைதானவர்களில் பாதிக்குச் சற்று மேலாக இருக்கிறார்கள். ஆகவே தெருவில் நிறுத்தி விசாரிக்கப்படுவோரிலும் அவர்கள் மிகுந்திருப்பது இயல்பு என்பது ஓய்வு பெற்றவரின் வாதம். கொலையுண்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரே என்பதையும் அவர் சேர்த்தே சொல்வார் என்பதால், அதை வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வந்ததில்லை. ஆனால் கைதுக் கணக்கு முதலில் காவல்துறை எங்கே தேடியது என்பதைக் காட்டுகிறது. கொலை பெரும்பாலும் மறைவதில்லை. கஞ்சாவின் கதை வேறு: கருத்துக்கணிப்புகளின்படி இரு இனத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் அதைப் பயன்படுத்தியிருக்க, 2010இல் நாடு முழுவதும் கறுப்பினத்தவர் கைதாகும் விகிதம் வெள்ளையரைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது.

பெண்மணி எப்போதும் எடுப்பது, நியூயார்க் நகரக் காவல்துறையின் நிறுத்திச் சோதிக்கும் வழக்கத்தைப் பற்றி 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் வழங்கிய தீர்ப்பை. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் முறை மக்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள்; அவற்றில் 52 விழுக்காடு கறுப்பினத்தவர், 31 விழுக்காடு ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வழிவந்தோர்), 10 விழுக்காடு வெள்ளையர். நகர மக்கள்தொகையோடு ஒப்பிடக் கூடாது, குற்றம் புரிந்ததாகப் புகார்களில் அடையாளம் சொல்லப்பட்டவர்களின் இன விகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்று மாநகரத் தரப்பு வாதிட்டது. ஓய்வு பெற்றவர் சொன்னதும் இதுவே. ஆனால் நிறுத்தப்பட்டவர்களில் 88 விழுக்காட்டினர் மீது கைதோ, வழக்குச் சீட்டோ எதுவுமே இல்லை. குற்றமே செய்யாத ஒரு பெருங்கூட்டத்தின் இன விகிதம் குற்றவாளிகளின் விகிதத்தைப் போல் ஏன் இருக்க வேண்டும் என்று நீதிபதி கேட்டார். அந்த இடத்தில்தான் முழு விவாதமும் தீர்ந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. கொலையாளிகளில் எத்தனை பேர் கறுப்பினத்தவர் என்பதும், தெருவில் நடந்து போகும் ஒரு கறுப்பின இளைஞன் குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதும் முற்றிலும் வேறான இரண்டு கணக்குகள். இரண்டாவது மிகமிகச் சிறிய எண்.

எங்கள் இந்திய நண்பர்கள் சிலர், இது நமக்குச் சம்பந்தமில்லாத சண்டை என்று ஒதுங்கிக்கொள்வார்கள். 2015 பிப்ரவரியில், அலபாமாவின் மேடிசன் நகரில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு குஜராத்தித் தாத்தா காலையில் நடக்கப் போனபோது, ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் திரிகிறான் என்று அக்கம்பக்கத்தவர் ஒருவர் தொலைபேசியில் சொல்ல, ஆங்கிலம் தெரியாத அவரைக் காவலர் தரையில் வீழ்த்தியதில் முதுகுத்தண்டு அடிபட்டு உடல் பாதி செயலிழந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் ஒதுங்கியே இருந்தார்கள்.

நியூயார்க்கில் நிறுத்தங்கள் 2011இல் 6,85,724ஆக இருந்து 2014இல் 50,000க்கும் கீழே இறங்கியபோது, கொலைகளும் 515இலிருந்து 333ஆகக் குறைந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. நிறுத்தங்களைக் குறைத்தால் நகரம் சீரழியும் என்ற அச்சம் மட்டும் மெய்ப்படவில்லை. ஓய்வு பெற்றவர் இதை ஏற்றுக்கொண்டார்.

எங்கள் அறிக்கைகளில் நிறுத்தங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், சோதனையில் பொருள் சிக்கிய விகிதத்தையும் இனவாரியாகப் போடத் தொடங்கினோம். அந்தத் தீர்ப்பிலேயே ஆயுதம் சிக்கியது கறுப்பினத்தவரிடம் 1.0 விழுக்காடு, வெள்ளையரிடம் 1.4 விழுக்காடு, அதாவது கறுப்பினத்தவரை நிறுத்தக் குறைந்த சந்தேகமே போதுமானதாக இருந்திருக்கிறது என்பது வழக்கமான விளக்கம். அப்படி உடனே முடிவு கட்ட முடியாது, ஓர் இனத்தில் பார்த்தவுடனே மாட்டிக்கொள்ளும் வெளிப்படையான ஆட்கள் கூடுதலாக இருந்தால், காவலர் ஒரே அளவுகோலை வைத்திருந்தாலும் பொருள் சிக்கும் சராசரி வேறுபடும் என்று அடிக்குறிப்பு எழுதச் சொன்னவர் ஓய்வு பெற்றவர்தான். பெண்மணி ஆட்சேபிக்கவில்லை, எழுத்துருவை மட்டும் சற்றுச் சிறிதாக்கச் சொன்னார்.