பேட்டரிக்கு ஓர் இடம்

என் ரிமோட் கண்ட்ரோல் பொம்மை டிரக்கில், நைட்ரோ எரிபொருளில் ஓடும் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தும் வேலை ஒரே மாலையில் முடிந்துவிட்டது. பேட்டரியை எங்கே வைப்பது என்பதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

பெரிய சக்கரங்கள் கொண்ட மான்ஸ்டர் டிரக் அது; 1/8 அளவு, அதாவது நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு 2எஸ் (தொடராக இரண்டு செல் கொண்ட) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 4எஸ் ஆக்கியிருக்கிறேன். பெயரளவில் 14.8 வோல்ட், முழு சார்ஜில் 16.8. முதலில் இரண்டையும் சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மேலேயே கட்டினேன். வேகமாகத் திருப்பினால் போதும், வண்டி கவிழ்ந்துவிடும். ஏற்கனவே உயரமான வண்டி. எடையும் மேலே ஏறினால் எப்படி நிற்கும்?

சரி என்று, பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே இறக்கினேன். 2 மி.மீ. அலுமினியத் தகட்டை மடித்து இரண்டு தட்டுகள் செய்தேன். முதல் ஓட்டம் முடிந்து பேட்டரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அடியுறையில் மிளகளவு பள்ளம். தட்டைப் பிடித்திருந்த திருகின் தலை துருத்திக்கொண்டிருந்தது. மென்உறை லிப்போவில் அது இன்னும் கொஞ்சம் உள்ளே குத்தியிருந்தால் தீப்பிடித்திருக்கலாம். புது பேட்டரிதான், ஆனாலும் அதை மறுபடி பயன்படுத்த மனம் வரவில்லை.

இப்போது தலை தகட்டோடு சமமாக அமரும் திருகுகள், அதன்மேல் 3 மி.மீ. ஃபோம், பேட்டரிக்கு இரண்டு வெல்க்ரோ பட்டைகள். பட்டையை நெரிக்கிற அளவுக்கு இறுக்குவதில்லை. அப்புறம் ஒயர்கள்: மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் பக்கமே போகாதபடி சேஸிஸோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். நேற்று முழு வேகத்தில் வளைத்தேன். உள்பக்கச் சக்கரங்கள் லேசாகத் தூக்கின, உடனே தரையில் அமர்ந்துவிட்டன.