விலையில்லா மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி போட்டேன்

தம்பி ப்ளஸ் டூ படித்தபோது அரசுப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி அது. ஏஎம்டி செயலி (பிராசசர்), 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். படிப்பை முடித்து அவன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு என்னிடம் வந்தது. காவேரிப்பட்டணத்தில் வீட்டு முன்னறையில் நான் செய்யும் டிடிபி (கணினித் தட்டச்சு, பக்க வடிவமைப்பு) வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. மனுக்கள், பத்திர நகல்கள், திருமண அழைப்பிதழ்கள், மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் மண்டிகளுக்கான பில் புத்தகங்கள்.

கடந்த ஓராண்டாக அதைத் திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. மனு எழுத வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பிறகு வருகிறேன்மா" என்று கிளம்பிவிடுவார். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலி பெரும்பாலும் சும்மா இருக்கும்; டிஸ்க் என்ற கட்டம் மட்டும் 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும். வேலை செய்ய வேண்டிய மூளைக்கு நேரம் இருக்கிறது, எடுத்துக்கொடுக்க வேண்டிய கைதான் தாமதிக்கிறது என்று அதற்குப் பொருள்.

மடிக்கணினிகளில் இருக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான தகவல் ஊசியின் கீழ் வந்து சேர சராசரியாக அதில் பாதி நேரம் ஆகும். ஊசி இடம் மாற இன்னும் கொஞ்சம். ஒரு கோப்புக்கு இது ஒன்றுமில்லை. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடிப் படிக்கிறது. அங்கேதான் நிமிடங்கள் கரைகின்றன. ராம் 4 ஜிபிதான் என்பதால் அது நிரம்பியதும் மிச்சத்தையும் அதே வட்டில் எழுதி எழுதிப் படிக்கும். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சிப் வகைச் சேமிப்பகம்; அதில் சுழலும் பாகமே கிடையாது. எங்கிருந்து எடுத்தாலும் ஒரு மில்லி விநாடியில் சிறு பங்குதான் ஆகும். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், ராமுக்கு முன்பாக இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் காட்டியபோது, இதற்கெல்லாம் செலவு செய்யாதே, புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கோடு இல்லை. அதோடு, என் பழைய கோப்புகள் யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றுக்கான தட்டச்சு மென்பொருளின் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. புதுக் கணினியில் அதை மீண்டும் நிறுவ வழியில்லை. அதனால் விண்டோஸைப் புதிதாகப் போடாமல், இருக்கிற வட்டை அப்படியே நகலெடுப்பது என்று முடிவு செய்தேன். இப்படி ஒரு கட்டாயம் இல்லாதவர்கள் புதிதாகவே நிறுவிக்கொள்ளலாம். அது சுலபம், சுத்தம்.

பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் சொன்ன அறிவுரை பெரிதும் உதவியது. "வாங்குவதற்கு முன்னால் பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்த்துவிடு, தங்கச்சி" என்றார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலை ஓட்டியதும் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (வட்டின் சிறு சேமிப்புக் கட்டங்கள்) இருந்தன. மெதுவாக இருந்தது வெறும் வயதால் அல்ல, வட்டு செத்துக்கொண்டிருந்தது. அன்றே முக்கியமான கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். இந்த நிலையில் பலரும் உடனே விண்டோஸின் வட்டுப் பிழை திருத்தும் நிரலான செக் டிஸ்க்கை ஓட்டுவார்கள். செய்யாதீர்கள். சாகக் கிடக்கும் வட்டை அது மேலும் உலுக்கும், மீட்கக்கூடியதும் போய்விடும். நகல் எடுத்த பிறகு, நகலில் ஓட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது அளவு. கடைகளில் 240, 256, 480, 512 ஜிபி என்று வைத்திருப்பார்கள். 500 ஜிபி வட்டை 480இல் முழுதாக நகலெடுக்க முடியாது. இடம் 20 ஜிபி குறைகிறது. வட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை (பார்ட்டிஷன்) முதலில் சுருக்கினால் முடியும், ஆனால் பழுதான வட்டில் பகுதிகளைச் சுருக்குவது ஆபத்தான வேலை. எனவே 512 ஜிபி வாங்கினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பில் பொருந்தும் 2.5 அங்குல சாட்டா வகை, 7 மி.மீ. தடிமன். புதிய கணினிகளில் போடும் எம்.2 குச்சிக்கு இதில் இடமில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே காசு கொடுத்தேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இன்னும் மலிவு என்று தம்பி சொன்னான். நான் கிருஷ்ணகிரியிலேயே பில்லோடு வாங்கினேன். மூன்றாண்டு வாரண்டி இருக்கும் பொருளுக்கு, கெட்டுப்போனால் பஸ் ஏறிப்போய்க் கேட்கிற தூரத்தில் கடை இருக்க வேண்டும். கூடவே, நகலெடுக்கும்போது எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்க ஒரு யுஎஸ்பி-சாட்டா கேபிளும் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து புது மடிக்கணினி விலையில் ஒரு சிறு பங்குதான் ஆனது.

சாதாரண நகல் நிரல்கள் பழுதான செக்டரைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். அதற்கென்றே இருப்பது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல். நன்றாக இருக்கும் இடங்களை எல்லாம் முதலில் விரைவாக எடுத்துவிடும். படியாத இடங்களைத் தாண்டிப்போய், அவற்றுக்குக் கடைசியில் திரும்பி வந்து சிறு சிறு துண்டுகளாக முயலும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். விண்டோஸுக்குப் பதிலாக, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, இதை நிறுவி ஓட்டினேன். அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட்டு முழுமையாக நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அது பாதி உறக்கத்தில் இருக்கும் நிலையிலேயே நகல் எடுக்கப்படும்.

இரண்டு இடங்களில் மிகவும் கவனமாக இருந்தேன். ஒன்று, எது மூலம், எது நகல் என்பது. லினக்ஸில் வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வரும். எது எது என்பதைப் பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. மாடல் எண்ணையும் கொள்ளளவையும் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். மாற்றிக் கொடுத்தால் காலி எஸ்எஸ்டி பழைய வட்டின்மேல் எழுதப்பட்டு, எல்லாம் அழிந்துபோகும். இன்னொன்று, அந்த வரைபடக் கோப்பு. பென் டிரைவ் லினக்ஸில் அதைச் சும்மா சேமித்தால் ராமில்தான் இருக்கும், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். எங்கள் ஊரில் மின்தடைக்குக் கணக்கு வைக்க முடியாது. மடிக்கணினி பேட்டரியும் பெயருக்குத்தான் இருக்கிறது. ஆகவே வேறொரு பென் டிரைவில் சேமித்தேன். நள்ளிரவில் கரண்ட் போகத்தான் செய்தது. வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அப்போது எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது.

விடிந்தபோது படிக்க முடியாமல் மிஞ்சியது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு.

வட்டை மாற்றுவது இவ்வளவுக்கும் பிறகு சிறு வேலை. பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, வட்டைப் பிடித்திருக்கும் உலோகச் சட்டத்தைக் கழற்றி, அதே சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி, பழைய இடத்தில் செருகினேன். சரியான நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் மட்டும் அவசியம். பெரியதை வைத்துத் திருகினால் திருகின் தலை தேய்ந்துவிடும். விண்டோஸ் எழுந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் முகப்புத் திரை வந்துவிட்டது. முதலில் தட்டச்சு மென்பொருளைத்தான் திறந்தேன். திறந்தது, பழைய பத்திரங்கள் எழுத்து பிசகாமல் தெரிந்தன. கண் கலங்கிவிட்டது.

பிறகு செக் டிஸ்க்கை ஓட்டினேன், விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையையும் கொடுத்தேன். ஓர் அழைப்பிதழ்ப் படம் மட்டும் திறக்கவில்லை, பென் டிரைவில் நகல் இருந்தது. டிஃபிராக்மென்ட் பக்கத்தில் வட்டின் வகை சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் கோப்புகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையை விண்டோஸ் வழக்கம்போல் செய்யாது. அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையைத்தான் முக்கியமாகச் செய்யும்.

என் கணினியில் இருக்கும் விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள்) 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. இந்தச் செயலி விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதனால் ஒரு பகுதியைச் சுருக்கி, இணைய வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட் போட்டேன். அப்போது வட்டின் பகுதிகளை மாற்றப் பயன்படும் ஜிபார்ட்டெட் நிரல், வட்டின் முழு இடமும் பயன்படவில்லை, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. சிறிய வட்டின் அட்டவணையைப் பெரிய வட்டுக்கு நகலெடுத்ததால் வரும் கேள்வி அது. தயங்காமல் சரி என்று கொடுக்கலாம். தமிழக அரசு நிறுவனமான எல்காட் வழியாக 2011இல் வந்த முதல் விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸ் வகையும் இருந்தது. இரண்டையும் வைத்துப் புழங்குவது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

பழைய வட்டை என்ன செய்வது என்று பலர் யோசிப்பதே இல்லை. என்னுடையதில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல்களும் கிரயப் பத்திரங்களும் இருக்கின்றன. பழுதான செக்டர்கள் உள்ள வட்டை முழுவதும் அழித்து எழுத முடியாது, எழுதியதாக நம்பவும் முடியாது. அதை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன பழைய சாமான் கடைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த மாங்காய்ப் பருவம் முடியும் வரை எஸ்எஸ்டி சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பட்டறையில் கொடுத்து அந்த வட்டை எனது கண்ணெதிரிலேயே துளை போடச் சொல்லப்போகிறேன்.