இறக்கையை முன்னால் நகர்த்திய கதை

ராத்திரி தூக்கம் வராமல் பழைய விமானப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் சோவியத் விமானமான ஐ.எல்.-38 படம் ஒன்றில் கண் அப்படியே நின்றுவிட்டது. இறக்கை மூக்குப் பக்கமாக ஒட்டிக்கொண்டு, பின்னால் உடம்பு நீண்டுகொண்டே போகிறது. பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும்!

இதன் மூல விமானம் ஐ.எல்.-18. 1957-இல் முதலில் பறந்த, நான்கு டர்போபிராப் (விசிறியைச் சுழற்றும் ஜெட் வகை) எஞ்சின் கொண்ட சோவியத் பயணிகள் விமானம். அதை நீர்மூழ்கி வேட்டைக்கு மாற்றியபோது ரேடார், கருவிகள் என்று கனமெல்லாம் முன்பக்கம் சேர்ந்து எடைச் சமநிலை கெட்டது, அதனால் இறக்கையையே சுமார் 3 மீட்டர் முன்னால் தள்ளிவிட்டார்கள். வாலில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது காந்தமானி. கடலுக்கடியில் இருக்கும் இரும்பு பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சின்ன மாறுதலை அது பிடிக்கவேண்டும், விமானத்தின் சொந்த உலோகம் குழப்பக்கூடாது என்றுதான் அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள்.

நம் இந்தியக் கடற்படையிலும் ஐ.எல்.-38 விமானங்கள் 1977 முதல் கோவாவில் இருந்தன. 2002 அக்டோபர் 1 அன்று இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 12 வீரர்கள் இறந்தார்கள். மீதி இருந்தவை புது கருவிகளோடு 2023 வரை ஓடின.

இதே குடும்பத்தில் ஐ.எல்.-20 உளவுக்கு, ஐ.எல்.-22 வான்வழிக் கட்டளை மையத்துக்கு. 2018-இல் சிரியாவின் ஏவுகணையே தவறுதலாக ரஷ்யாவின் ஐ.எல்.-20 ஒன்றை வீழ்த்தியது, 15 பேர் இறந்தார்கள்.

சரி, யாரிடமாவது ஐ.எல்.-38 உள்பக்கப் படம் இருந்தால் கமெண்டில் போடுங்கள்.